விழுந்தால் எழுப்பு

செப்டம்பர் 2, செவ்வாய்

டாக்டர் ஹேமாவதி தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். என்றைக்கு, எவ்வளவு, எத்தனை நாள் என்று. என் வீட்டுக்காரர் தங்கமுத்து அதற்காகவே பரணிலிருந்து இந்த டைரியைத் தேடி எடுத்துத் தூசி தட்டி, பேனாவையும் செருகிக் கையில் கொடுத்தார். மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்தது. எழுதுகிறேன். ஆனால் எதை எழுதுவது என்று முடிவு செய்கிறவள் துளசிமணியாகிய நான்தான்.

இன்றைய கணக்கு: விடியற்காலையில் ஒருமுறை விழுந்தது, மாலையில் ஒருமுறை விழுந்தது. புரோகிராமைச் சொல்கிறேன்.

பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் பால் பண்ணையில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அது நான் ஒருத்திதான். சுற்றுவட்டார ஊர்களில் எங்களுக்குப் பால் சென்டர்கள் இருக்கின்றன. காலையும் மாலையும் சனங்கள் பால் கொண்டுவருவார்கள். சென்டரில் உள்ள மெஷின் பாலைச் சோதித்துவிட்டு எங்கள் சர்வரிடம் கேட்கும். சர்வரில் ஓடும் 'பால்வரவு' என்ற புரோகிராம் விலையைச் சொல்லும். சீட்டு வரும். அதற்குப் பிறகுதான் பாலைப் பெரிய கேனில் ஊற்றுவார்கள். புரோகிராம் விழுந்தால் சீட்டு இல்லை. சீட்டு இல்லாமல் யாரும் பாலை ஊற்ற மாட்டார்கள். நானாக இருந்தாலும் ஊற்ற மாட்டேன்.

விழுந்ததை எழுப்ப ஒரு ஆள் சர்வர் அறைக்குப் போய் ஒரே ஒரு வரி அடிக்க வேண்டும். வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய வழி வைத்தால் திருடன் வந்துவிடுவான், கூடாது என்பது மேனேஜர் சென்னியப்பன் சாரின் உத்தரவு. பாஸ்வேர்டை இன்னொருவருக்குச் சொல்லக்கூடாது என்பதும் அவர் உத்தரவுதான். என் வீடு பண்ணைக்குப் பின்தெரு. சர்வர் அறை இரண்டாவது மாடி. ஆக, நான் ஏற வேண்டும்.

இன்று காலை ஊசிப்பாளையம் சென்டரிலிருந்து வேலாத்தாள் அக்கா போன் செய்து எழுப்பினார்.

"ஏனுங்க அம்மிணி, மெசினு பேசமாட்டீங்குது. சனம் பூரா தூக்குப்போசிய வெச்சுட்டு நிக்கறாங்க."

"இதா போறனுங்க்கா."

போனேன். எழுப்பினேன். படிகள்தான் முன்பைவிட அதிகமாகிவிட்டன.

செப்டம்பர் 3, புதன்

இன்று விழவே இல்லை. எப்போது விழும் என்று காத்திருந்து நான்தான் தூங்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

ஈரோட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

"இந்த ரத்தத்த வெச்சுக்கிட்டு எப்படிம்மா நடமாடறீங்க?"

"நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"மாடி ஏறினா மூச்சு வாங்குமே?"

"எங்க ஆபீஸ் மாடிப்படி செங்குத்துங்க."

வீட்டுக்காரர் சுவரில் தொங்கிய குழந்தைப் படத்தை இதற்குமுன் குழந்தையையே பார்த்திராதவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திரையில் ஆப்பரேஷனுக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். ஆடிட் இருக்கிறது என்று தள்ளினேன். ஆடியில் ஒரு தேதி கொடுத்தார்கள். பண்டிகை சமயம், பால் அதிகம் வரும் என்று தள்ளினேன். இன்று டாக்டர் பேரம் பேசவில்லை. "கட்டி பெருசாயிட்டே போகுது. செப்டம்பர் முப்பது. இதுவும் முடியாதுன்னா வேற டாக்டர பாத்துக்குங்க" என்றார். அதற்கு முன்னால் ஒருநாள் வந்து ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டுமாம். பிறகு ஆறு வாரத்துக்கு மாடி ஏறக்கூடாது, குடம் தூக்கக்கூடாது.

"எழுதிட்டு வர்றீங்களா?" என்று கேட்டார்.

"தினமும் எழுதறனுங்க" என்றேன். பொய் இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் காலண்டர் ஞாபகம் வந்தது. முப்பதுக்கு மறுநாள் ஆயுத பூஜை.

செப்டம்பர் 8, திங்கள்

லீவு கேட்டேன். கிடைக்காது என்றார்.

சென்னியப்பன் சார் கெட்டவர் இல்லை. பால் வண்டி தாமதமானால் சாப்பிடாமல் வாசலில் நிற்கிற மனிதர். ஆனால் ஓடுகிற எதிலும் கைவைக்கக்கூடாது, ஓட வைக்கிற ஆளும் நகரக்கூடாது என்று நினைப்பவர்.

"முப்பதாந் தேதியா? ஆயுத பூஜைக்கு ஆரு இருப்பா? மெசினெல்லாம் நிறுத்திப் பூஜ போட்டா, மக்யா நாளு காத்தால ஆரு ஏத்தி வெக்கறது?"

எங்கள் பண்ணையில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய முதலாளி காலத்திலிருந்து நடக்கிறது. ஆயுத பூஜை அன்று மாலைப் பால் வந்து முடிந்ததும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிடுவார்கள். பாலைக் குளிர வைக்கிற மெஷின் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. மற்றதெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைத்து, இரவு முழுக்க ஓய்வு. சர்வருக்கும் ஓய்வு. மறுநாள் விஜயதசமி அன்று காலைப் பால் வருவதற்குள் எல்லாவற்றையும் ஓட விட வேண்டும். சர்வரைப் போட்டால் மட்டும் போதாது, பால்வரவைத் தனியாக எழுப்ப வேண்டும். வருஷா வருஷம் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏறிப்போய் எழுப்புவது யார் என்று எழுதத் தேவையில்லை.

"வேற யாருக்காவது கத்துக் குடுத்துர்றேன் சார்."

"பாஸ்வேர்டு வெளிய போகப்படாது."

"அப்ப அதுவா எந்திரிக்கற மாதிரி ஒரு சாஃப்ட்வேர் இருக்குதுங்க. போட்டுரட்டுங்களா?"

"நவநீதன் தம்பி எழுதுன புரோகிராமு. அதுல கை வெக்காத."

நவநீதன் என்பவர் முதலாளியின் அக்கா மகன். இந்தப் புரோகிராமை எழுதிக் கொடுத்துவிட்டு கனடாவுக்குப் போய்விட்டார். கனடாவில் அவர் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று நம்புகிறேன்.

கீழே இறங்கி வந்து கேண்டீனில் டீ சொன்னேன். டீ வருவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 10, புதன்

போட்டுவிட்டேன்.

காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவே சர்வருக்கு வேலை இல்லாத மத்தியான நேரத்தில் போட்டேன். அதன் பெயர் சூப்பர்வைசர். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதற்கு ஒரே வேலைதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மற்றப் புரோகிராம்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏதாவது விழுந்தால் எழுப்பும். சர்வர் நின்று மறுபடி ஓடினாலும் தானே எழுந்து மற்றவற்றையும் எழுப்பும். இத்தனை நாள் இந்த வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். சம்பளத்துக்கு வேறு.

இறக்கிக்கொள்வது ஒரே கமாண்ட். அதற்குப் பிறகு ஒரு சின்ன ஃபைலில் சொல்ல வேண்டும். எந்தப் புரோகிராம், எந்த ஃபோல்டரிலிருந்து ஓட வேண்டும், யார் பெயரில் ஓட வேண்டும், சர்வர் எழுந்ததும் தானாக ஓட வேண்டுமா, என்ன நடந்தது என்ற குறிப்பை எங்கே எழுதி வைக்க வேண்டும். அவ்வளவுதான். நாத்தனாரிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போகும்போது சொல்வோமே, அடுப்பை அணை, மோட்டாரைப் போடு, நாய்க்குச் சோறு வை என்று, அந்த மாதிரி.

முதல் தடவை ஓடவில்லை. ஃபோல்டரைச் சொல்லாமல் விட்டிருந்தேன். நவநீதன் தம்பியின் புரோகிராம் தான் நிற்கிற இடத்திலேயே விலைப்பட்டியலைத் தேடும், இல்லையென்றால் செத்துப்போகும். ஃபோல்டர் வரியைச் சேர்த்தேன். 'ரன்னிங்' என்று வந்தது.

கீழே போய் சென்னியப்பன் சாரிடம் சொன்னேன். கேட்கவில்லை, சொன்னேன்.

"சொல்லச் சொல்லக் கேக்காம போட்டுட்டயா?"

"போட்டுட்டனுங்க சார். எடுக்கோணும்னா நீங்களே எடுத்துக்குங்க."

அவருக்கு எடுக்கத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

செப்டம்பர் 13, சனி

நேற்றும் இன்றும் விழுந்திருக்கிறது. குறிப்பு ஃபைலில் இருக்கிறது. விழுந்த அடுத்த நொடி சூப்பர்வைசர் எழுப்பியிருக்கிறது. யாரும் போன் செய்யவில்லை. காலையில் வெயில் ஜன்னலுக்கு வரும்வரை தூங்கினேன். வீட்டுக்காரர் பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாராம்.

பேரீச்சம்பழம் ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். போன வார டப்பாவே தீரவில்லை. மனிதருக்குப் பேரீச்சம்பழக் கடையில் பங்கு இருக்கிறதோ என்னவோ.

செப்டம்பர் 16, செவ்வாய்

என் கையால் எழுதவே கூசுகிறது.

காலையில் விழுந்தது. சூப்பர்வைசர் எழுப்பவில்லை. நான் அதை நம்பி அடித்துப் போட்டாற்போல் தூங்கியிருக்கிறேன். போன் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. கடைசியில் வீட்டுக்காரர்தான் எடுத்திருக்கிறார். தலையை அள்ளி முடிந்துகொண்டு ஓடினேன். நடுப்படியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டியிருந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, முகத்திலும் தெளித்தார். ஒன்றுமில்லை, வெயில் என்றேன்.

சூரியன் இன்னும் வராத நேரம் என்று வாட்ச்மேன் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

எழுப்பிவிட்டு வேலாத்தாள் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"எத்தன நேரமுங்க அம்மிணி? கறந்த பாலு ஆறிப் போச்சு. காராத்தாளோட பாலு திரிஞ்சு போயி, வாய்க்கால்ல கொட்டீட்டுப் போறா. ரெண்டு மாட்ட வெச்சுட்டு அவ பொழைக்கறா. இதுக்கு என்ன பதிலுங்க?"

"என்ற தப்புங்க்கா" என்றேன்.

"உம்பட தப்புன்னு சொன்னா பாலு வந்துருமா கண்ணு?" என்றார். பிறகு குரல் இறங்கி, "ஏங்கண்ணு, இப்பிடி மூச்சு வாங்குது?" என்று கேட்டார். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சென்னியப்பன் சார் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அந்தச் சனியனை இன்றே எடு என்றார். லீவையும் மறந்துவிடு என்றார். திரிந்துபோன பாலுக்கு நான் தலைகுனிந்தேன். மற்றதற்கு இல்லை.

செப்டம்பர் 17, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் 'என் வேலை முடிந்தது, நல்லபடியாகப் போகிறேன்' என்று அர்த்தம். வேறு எண் என்றால் 'அடிபட்டுச் சாகிறேன்' என்று அர்த்தம். வேறு எண்ணைச் சொன்னால் சூப்பர்வைசர் எழுப்பும். பூஜ்யம் சொன்னால், சரி, தானாகத்தானே போகிறது என்று விட்டுவிடும். நாமாக மாற்றிச் சொல்லாதவரை அதன் வழக்கம் அதுதான். நான் மாற்றிச் சொல்லவில்லை.

போன வாரம் பால்வரவு விழுந்ததெல்லாம் மெமரி போதாமல் விழுந்தது. அது நேர்மையாகச் செத்தது, சூப்பர்வைசரும் எழுப்பியது. நேற்று, அதே சர்வரில் பால் கணக்கையெல்லாம் வைத்திருக்கும் டேட்டாபேஸோடு லைன் அறுந்து விழுந்தது. அந்த இடத்தில் நவநீதன் தம்பி என்ன எழுதி வைத்திருக்கிறார் என்று பார்த்தால், என்ன கோளாறு வந்தாலும் பூஜ்யம் சொல்லிவிட்டுப் போ என்று எழுதியிருக்கிறார். ஏன் என்று யோசித்தேன். முதலாளிக்குப் போகிற மாத ரிப்போர்ட்டில் சிவப்புக் கோடு வரக்கூடாது. அவ்வளவுதான். முதலாளி பார்க்கும் தாளில் எல்லாம் பச்சை, ஊசிப்பாளையத்தில் பால் வாய்க்காலில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உயிர் போகிற நேரத்திலும் 'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்கிற ஜன்மத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேட்கிறவன் நம்பத்தானே செய்வான்? பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூடத் தெரியாதே!

அந்தச் சின்ன ஃபைலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். இனி அது பூஜ்யம் சொன்னாலும் சரி, என்ன சொன்னாலும் சரி, நம்பாதே, எழுப்பு.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரர், "இன்னிக்கு எப்பிடி இருக்குது?" என்று கேட்டார். நல்லாத்தான் இருக்கேன் என்றேன். அவர் எழுந்துபோய் ஊற வைத்திருந்த படுக்கை விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டார்.

செப்டம்பர் 18, வியாழன்

"எடுத்தாச்சா?"

"எடுக்கலீங்க சார்."

"ஏம்மா, எத்தன தடவ சொல்றது?"

"ஒருக்கா மேல வாங்க சார். எடுக்கோணுமா வேண்டாமான்னு நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க."

மாலைப் பால் வந்துகொண்டிருந்த நேரம். வேண்டுமென்றேதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். சர்வர் முன்னால் அவருக்கு நாற்காலி போட்டேன். வேலாத்தாள் அக்காவைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அக்கா, சீட்டு வருதுங்களா?"

"வந்துட்டே இருக்குதுங்க அம்மிணி."

"சார், இப்ப இதக் கொல்லப்போறேன்."

"அய்யய்யோ, பால் நேரத்துல..." என்று எழுந்துவிட்டார். அதற்குள் அடித்துவிட்டேன். பால்வரவு செத்தது. திரையைப் பார்க்கச் சொன்னேன். மூச்சுவிடும் நேரத்தில் 'ரன்னிங்' என்று மறுபடி வந்தது.

"அக்கா?"

"என்னுங்க? சீட்டு வந்துச்சுங்க. ஏனுங்க, அங்க ஏதாவது ஆச்சுங்களா?"

"ஒண்ணுமில்லீங்க்கா."

இன்னொரு தடவை கொன்றேன். இந்தத் தடவை பூஜ்யம் சொல்லிச் சாகும்படி, டேட்டாபேஸ் லைனை ஒரு நொடி அறுத்துச் சேர்த்தேன். எழுந்தது. சென்னியப்பன் சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதெல்லாஞ் செரி. ஆயுத பூஜைக்கு மெசினையே நிறுத்திருவமே?"

"நிறுத்துங்க. மக்யா நாளு பட்டன அமுத்துங்க. அமுத்தீட்டுக் கைய எடுத்துருங்க. மத்தத அது பாத்துக்கும்."

அவர் தணிந்த குரலில், "ஏம்மா, உங்கூட்டு விசேசத்த ஒரு மூணு நாளு தள்ளி வெக்க முடியாதா?" என்று கேட்டார்.

விசேஷம் என்றுதான் நான் அவரிடம் சொல்லியிருந்தேன். வேறென்ன சொல்வது? லீவு கேட்ட அன்று அவர் அறையில் அக்கவுண்ட்ஸ்காரர், வண்டிக் கான்ட்ராக்டர், இவர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை ஆம்பளைகள் முன்னால் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? சித்திரையில் லீவு கேட்டபோதும் விசேஷம் என்றேன், ஆடியிலும் விசேஷம் என்றேன். எங்கள் குடும்பத்தில் விசேஷத்துக்குக் குறைவே இல்லை என்று அவர் நினைத்திருப்பார்.

"தள்ள முடியாதுங்க சார்" என்றேன். "தள்ளுனது போதும்."

செப்டம்பர் 22, திங்கள்

மத்தியானம் சர்வரையே நிறுத்தி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பூஜை அன்றைக்கு என்ன நடக்கும் என்று இப்போதே தெரிய வேண்டும். நல்லவேளை பார்த்தேன். டேட்டாபேஸ் சாவகாசமாக எழுகிறது. பால்வரவு அதற்கு முன்னால் எழுந்து, டேட்டாபேஸைக் காணாமல் விழுந்து, எழுந்து, விழுந்து, சூப்பர்வைசரும் கொஞ்சம் முயன்றுவிட்டு இனி ஆகாது என்று கையை விரித்துவிட்டது. எத்தனை தடவை முயல வேண்டும் என்பதும் நாம் சொல்வதுதான். நிறையச் சொல்லி வைத்தேன். எழுகிறவரை எழுப்பட்டும். சும்மா விடுவதாக இல்லை.

மறுபடி நிறுத்தி ஓட்டினேன். கீழே டீ வாங்கி வருவதற்குள் எல்லாம் எழுந்து நின்றது.

செப்டம்பர் 25, வியாழன்

ஈரோடு. ரத்தம் ஏற்றினார்கள். எவனோ ஒரு புண்ணியவானுடையது. படுத்துக்கொண்டு மேலே தொங்கிய பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. எழுதிவிட்டேன், போதும்.

செப்டம்பர் 26, வெள்ளி

ஆபீஸ் மாடிப்படியை யாரோ குறைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

சென்னியப்பன் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வாசலில் பைக்கில் உட்கார்ந்தபடியே பேசினார்.

"அன்னிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, அப்பறம் வேலைக்கு நான் பொறுப்பில்ல. முதலாளி கேட்டா உன்னையத்தான் கை காட்டுவேன்."

"காட்டுங்க சார். ஆனா பட்டன நீங்கதான் அமுத்தோணும்."

"நானா?"

"வேற ஆரையும் நம்பமாட்டீங்களே."

அதற்கு அவர் பைக்கைக் கிளப்பினார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன். "சந்தனத்த மெசினு மேல வெக்கச் சொல்லுங்க. பட்டன் மேல அப்ப வேண்டாம்." போன வருஷம் பேக்கிங் செக்ஷன் பையன்கள் பக்தி முற்றிப்போய் எல்லாப் பொத்தான்களிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்துவிட்டார்கள். அது காய்ந்து கல்லாகி, நான் ஊக்கால் சுரண்டி எடுத்தேன். கடவுளுக்குச் செய்கிற அலங்காரத்தில் கடவுளின் கண்ணை அடைத்துவிடுகிற கூட்டம் எங்கள் கூட்டம்.

அவர் போன பிறகு வீட்டுக்காரர் கேட்டார். "இன்னும் அவருகிட்டச் சொல்லலயா?"

"எதச் சொல்றது?"

அவர் பையில் சேலைகளை அடுக்கினார்.

செப்டம்பர் 29, திங்கள்

அட்மிட் ஆகிவிட்டேன். போனை அணைத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். நான் கேட்டாலும் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அணைத்திருக்கிறேன். கை நமநமவென்கிறது. பார்க்கலாம், அதுவா நானா என்று.

செப்டம்பர் 30, செவ்வாய்

துளசிமணி மயக்கத்தில் இருப்பதால் நான் எழுதுகிறேன். ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் கணக்குக் கேட்டார். இந்த டைரி முழுக்கப் புரட்டினேன், டாக்டர் கேட்டது எங்கேயும் இல்லை. இப்படி ஆகும் என்று தெரிந்து நான் என் போனில் தினமும் குறித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். பேரீச்சம்பழக் கடையில் எனக்குப் பங்கு இல்லை. தங்கமுத்து.

அக்டோபர் 3, வெள்ளி

மேலே உள்ளதை இப்போதுதான் படித்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், தின்றேன்.

காலையில் எழுப்பி உட்கார வைத்தார்கள். வார்டு முழுக்கத் துணைக்கு வந்த சொந்தக்காரர்கள். பக்கத்துக் கட்டிலுக்கு மட்டும் மாமனார், மச்சான், சித்தப்பா என்று ஒரு பட்டாளம். போனைக் கொடுங்கள் என்றேன். யோசித்துவிட்டுக் கொடுத்தார். போட்டதும் குவிந்தது. எல்லாம் சென்னியப்பன் சாரின் மிஸ்டு கால். வயிற்றில் தையல் போட்ட இடம் இழுத்தது. வேலாத்தாள் அக்காவிடமிருந்து ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. பால் நின்றிருந்தால் முதல் போன் ஊசிப்பாளையத்திலிருந்துதான் வரும்.

நான் கூப்பிடவில்லை. அவரே மறுபடி கூப்பிட்டார்.

"துளசிமணி! எத்தன வாட்டி கூப்புடறது?"

"சொல்லுங்க சார்."

"அது விழவே இல்லயேம்மா!"

"அதுக்குங்களா கூப்புட்டீங்க?"

"பின்ன? சந்தனத்த அப்பாதீங்கடான்னு சொல்லியும் அப்பி வெச்சுட்டானுங்க. எம்பட சம்சாரத்தோட ஊக்க வாங்கீட்டு வந்து நானே சொரண்டி, பட்டன அமுத்துனேன். கைய எடுத்துட்டேன். நீ சொன்னாப்பலயே எடுத்துட்டேன். அப்பறம் ஊசிப்பாளையத்துக்குப் போன் போட்டா, சீட்டு வந்து பாலே ஊத்தியாச்சுங்கறாங்க. பால் நேரம் முடியற வரைக்கும் அதும் முன்னால குந்தியிருந்தேன். ஓடுது. ஆரு ஓட்டறாங்கன்னே தெரியல. அதான் ஒரு மாதிரி பயமாப் போச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும். வலித்தாலும் சிரித்தேன்.

"ஆரும் ஓட்டலீங்க சார். அது பாத்துக்கும்."

"செரி செரி. திங்கக்கெழம வந்துருவீல்ல? விசேசமெல்லாம் நல்லா முடிஞ்சுதா? நல்லா இருக்கறயல்ல?"

வாய் தயாராகத்தான் இருந்தது. பழகிய வாய். வீட்டுக்காரர் ஆரஞ்சுச் சுளையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டில் மாமனாரும் சித்தப்பாவும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உட்காரட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நல்லா இல்லீங்க சார். விசேசம் ஒண்ணும் கெடையாது. கர்ப்பப்பையில கட்டி. கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்திருக்கறேன். வலிக்குது. ஆறு வாரத்துக்கு வரமாட்டேன்."

மாமனார் எழுந்து வெளியே போனார். சித்தப்பா ஜன்னலைப் பார்த்தார்.

"ஏம்மா..." என்றார் சென்னியப்பன் சார். குரல் மாறியிருந்தது. "அந்த மாடிய அத்தன நாளும் இந்த ஒடம்பையா வெச்சுட்டு ஏறுன? முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"இப்பச் சொல்லீட்டனுங்க சார்" என்றேன்.

அக்டோபர் 4, சனி

டாக்டர் ஹேமாவதி கேட்ட கணக்கு.

வலி இருக்கிறது. காலையில் அதிகம், இப்போது பரவாயில்லை. ரத்தப்போக்கு இல்லை. வராந்தாவின் கடைசிவரை நடந்தேன், திரும்பும்போது தலை சுற்றியது, நர்ஸிடம் சொன்னேன். ராத்திரி அழுதேன், வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

புரோகிராம் விழுந்ததா என்று யாரிடமும் கேட்கவில்லை.